இடுகாட்டு எலும்புகளில் தாய்வழியைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்வழி டி.என்.ஏ என்று எதைச் சொல்கிறார்கள்?

நம் உயிரணுக்களில் டி.என்.ஏ இரண்டு இடங்களில் இருக்கிறது. உட்கருவில் இருப்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. உட்கருவுக்கு வெளியே, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள், 16,569 ‘எழுத்துகள்’ (டி.என்.ஏவின் வேதி அலகுகள்) மட்டுமே கொண்ட சிறு வளையமாக இன்னொன்று இருக்கிறது. விந்தணுவிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு என்றாலும், கருவுற்ற பின் அது அழிக்கப்பட்டுவிடுவதால், பிள்ளைக்குக் கிடைப்பது கருமுட்டையில் இருந்தது மட்டுமே. மகனும் மகளும் தாயின் வளையத்தைப் பெறுகிறார்கள். அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் மகள் மட்டுமே. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஒரே கோடாகப் பின்னோக்கிச் செல்லும் இந்த வழியைத்தான் தாய்வழி என்கிறார்கள். தாயின் தந்தையோ, அவரைப் பெற்றவளோ இந்தக் கோட்டில் வரமாட்டார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

பழைய எலும்பிலிருந்து முதலில் இதையே தேடியது ஏன்?

எண்ணிக்கைதான் காரணம். ஓர் உயிரணுவில் உட்கரு டி.என்.ஏ இரண்டு படிகளாக மட்டுமே இருக்க, மைட்டோகாண்ட்ரிய வளையமோ நூற்றுக்கணக்கில், சில திசுக்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். இறந்த உடலில் டி.என்.ஏ துண்டு துண்டாக உடைந்து அழியும்போது, மிகுதியாக இருந்ததில் ஏதாவது மிஞ்சும் வாய்ப்பே அதிகம். மனித மைட்டோகாண்ட்ரிய வளையத்தின் முழு வரிசை 1981இல் வெளியானதும் இதற்குத் துணைசெய்தது. 1997இல் மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் எலும்பு ஒன்றிலிருந்து முதன்முதலாகப் படித்தது இந்த வளையத்தின் ஒரு பகுதியைத்தான். நியாண்டர்தால்களின் உட்கரு மரபுத்தொகுதி (உட்கரு டி.என்.ஏவின் முழுத் தொகுப்பு) வெளிவர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறையை உருவாக்கியதற்காகவே.

எலும்பிலிருந்து டி.என்.ஏவை எப்படி எடுக்கிறார்கள்?

எல்லா எலும்பும் உதவாது. காதுக்குப் பின்னால், உட்செவியைச் சூழ்ந்திருக்கும் பெட்ரஸ் எலும்புதான் மனித எலும்புகளிலேயே அடர்த்தி மிகுந்தது. அதன் உட்பகுதியில் மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு டி.என்.ஏ தங்கியிருக்கும். அது கிடைக்காதபோது பல்லின் வேர்ப்பகுதியை நாடுகிறார்கள். மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, சிறு துளைக்கருவியால் மெதுவாகக் குடைந்து, ஒரு சிட்டிகை அளவுக்குப் பொடி சேகரிக்கிறார்கள். கால்சியத்தைக் கரைக்கும் திரவத்தில், புரதத்தைச் சிதைக்கும் நொதியோடு, அந்தப் பொடி ஓர் இரவு ஊறுகிறது. கரைந்து வெளிவரும் டி.என்.ஏவைச் சிலிக்காவில் ஒட்டவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். கிடைப்பவை பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகள். அவற்றிலும் பெரும்பகுதி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிகளுடையது. மனிதத் துண்டுகளை மட்டும் பிடித்திழுக்கும் செயற்கைத் தூண்டில் வரிசைகளைக் கொண்டு வேண்டியதைச் செறிவாக்கி, பின்னர் கணினியில் வரிசைப்படுத்துகிறார்கள்.

குடைந்த எலும்பு திரும்ப வராது. ஆகவே குடைவதற்கு முன் அதன் வடிவத்தை ஊடுகதிர் வரைவாகப் பதிந்து வைப்பது இன்று நல்ல ஆய்வகங்களின் வழக்கமாகிவிட்டது. இதைக் கட்டாயமாகவே ஆக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆய்வு செய்பவரின் டி.என்.ஏ அதில் கலந்துவிடாதா?

கலக்கும். தொடக்க காலத்தில் வெளியான பல முடிவுகள் பின்னர் நிராகரிக்கப்பட்டதற்கு இதுவே முதற்காரணம். தலைமுதல் கால்வரை மூடிய உடை, இரட்டைக் கையுறை, புறஊதா விளக்கு, வெளுப்பான் கொண்டு துடைத்த மேசை என எல்லாம் இதைத் தடுக்கத்தான். ஆனால் உண்மையான பாதுகாப்பு டி.என்.ஏவின் சிதைவிலேயே இருக்கிறது. காலப்போக்கில் துண்டுகளின் முனைகளில் உள்ள சைட்டோசின் என்னும் எழுத்து வேதிமாற்றம் அடைந்து, வாசிக்கும்போது தைமின் என்னும் வேறோர் எழுத்தாகத் தெரியும். நேற்று கையால் தொட்டவரின் டி.என்.ஏவில் இந்தத் தடயம் இராது. முனைச்சிதைவு எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தே பழையதையும் புதியதையும் பிரிக்கிறார்கள்.

எனக்கும் ஒரு பழைய எலும்புக்கூட்டுக்கும் ஒரே தாய்வழிக் குழு என்றால் நாங்கள் உறவினர்களா?

தாய்வழி வளையத்தில் ஏற்பட்ட மாற்றங்களைப் பகிர்ந்துகொள்பவர்களை ஒரு குழுவாக வகுத்து எல், எம், என், யூ, எச் என எழுத்துகளால் பெயரிடுகிறார்கள். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எம் குழுவின் கிளைகளில் வருகிறார்கள். முழு வளையத்திலும் ஒரு மாற்றம் நிலைபெறச் சராசரியாக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், இருவருடைய வரிசை ஒன்றாக இருந்தாலும் அவர்களுடைய பொதுத் தாய் சில நூற்றாண்டுகளுக்கு முன்பும் வாழ்ந்திருக்கலாம், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் வாழ்ந்திருக்கலாம். வெறும் குழுப்பெயர் மட்டும் ஒத்துப்போனால் அந்தத் தொலைவு பத்தாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் போகும். குழுப்பெயர் ஒத்ததை வைத்து, ஓர் எலும்புக்கூட்டை நம் பாட்டி என்று உரிமை கொண்டாட முடியாது.

அப்படியானால் மூன்றாம் ரிச்சர்டு மன்னரை மட்டும் எப்படி அடையாளம் கண்டார்கள்?

1485இல் போஸ்வொர்த் போர்க்களத்தில் மடிந்த இங்கிலாந்து மன்னரின் எலும்புக்கூடு, லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில், பழைய மடாலயம் இருந்த இடத்தில், 2012இல் கிடைத்தது. ரிச்சர்டு ஆண் என்பதால் அவருடைய தாய்வழி வளையம் அவரோடு முடிந்துவிட்டது. ஆனால் அதே வளையத்தை அவருடைய அக்காள் ஆனும் தம் தாய் செசிலி நெவிலிடமிருந்து பெற்றிருந்தார். ஆனின் மகள், அவளுடைய மகள் என்று முறியாமல் வந்த இரண்டு கிளைகளை ஆவணங்களின் உதவியால் தேடி, இன்று வாழும் இருவரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவருடைய முழு வரிசையும் எலும்புக்கூட்டோடு அச்சாகப் பொருந்தியது. மற்றவருடையதில் ஒரே ஓர் எழுத்து வேறுபட்டது. அந்த வரிசை ஜே1சி1சி என்னும் அரிய கிளையைச் சேர்ந்தது. 26,000க்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களின் தாய்வழித் தரவுகளில் அதற்கு இணை கிடைக்கவில்லை. எல்லோரிடமும் காணப்படும் பொதுவான வரிசையாக இருந்திருந்தால் இந்தப் பொருத்தத்துக்கு அவ்வளவு எடை இருந்திராது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமையும் இன்று வாழும் தந்தைவழி உறவினரோடு ஒப்பிட்டார்கள், அது பொருந்தவில்லை. வம்சாவளியில் எங்கோ ஓரிடத்தில் எழுதிவைத்த தந்தை உண்மையான தந்தை அல்லர் என்பதே அதன் பொருள். தாய் யார் என்பதற்குப் பிரசவ அறையிலேயே சாட்சி இருப்பதால் தாய்க்கோடு பதிவேட்டோடு ஒத்துப்போனது. எலும்பின் காலக்கணிப்பு, முதுகெலும்பின் வளைவு, வெட்டுக்காயங்கள், கிடைத்த இடம் ஆகிய அனைத்தையும் சேர்த்தே 2014இல் விரிவான முடிவு வெளியிடப்பட்டது. டி.என்.ஏ மட்டும் அதைச் செய்யவில்லை.

தனி எலும்புக்கூட்டை விட்டு, ஓர் இடுகாடு முழுவதையும் ஆராய்ந்தால் என்ன தெரியும்?

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஓர் உடலின் தாய்வழி, பரந்த மரபுமரத்தில் ஒரு கிளையின் பெயரை மட்டும் சொல்லும். அடுத்தடுத்துப் புதைக்கப்பட்ட ஐம்பது உடல்களின் தாய்வழிகளோ, திருமணத்தின்போது ஊரை விட்டுப் போனது பெண்ணா, ஆணா என்று சொல்லிவிடும். எழுத்தில் பதிவாகாத சமூகத்தைப் பற்றி இதைவிடப் பெரிய செய்தி கிடைப்பது அரிது.

தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், ரோமானியர் கி.பி. 43இல் படையெடுத்துவந்த காலத்தை ஒட்டி, துரோட்ரிகேஸ் என்று ரோமானியர் குறிப்பிட்ட மக்கள் வாழ்ந்தார்கள். இரும்புக்கால பிரிட்டனின் பெரும்பகுதியில் இறந்தோரின் உடல்கள் அகழாய்வாளர் கைக்கு அகப்படாதபடி மறைந்துவிட, இவர்கள் தம்மவரை மண்ணில் முழுமையாகப் புதைத்தார்கள். விண்டர்போர்ன் கிங்ஸ்டன் என்னும் கிராமத்தருகே போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தினர் தோண்டியெடுத்த அந்த எலும்புகளை, டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் லாரா காசிடியும் டேனியல் பிராட்லியும் அவர்களுடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். துரோட்ரிகேஸ் புதைகுழிகளிலிருந்து 57 மரபுத்தொகுதிகள் படிக்கப்பட்டு, முடிவுகள் 2025 சனவரியில் வெளியாயின.

விண்டர்போர்ன் கிங்ஸ்டன் எலும்புக்கூடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே தாய்வழியைச் சேர்ந்தவை. பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த ஒரே பெண்ணின் வழிவந்தவர்கள் அங்கே அருகருகே படுத்திருக்கிறார்கள். அந்தத் தாய்வழியில் சேராமல், யாருக்கும் உறவில்லாமல் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மகள் பிறந்த ஊரிலேயே இருந்தாள், கணவன் அவளைத் தேடி வந்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெண்கள்தாம் ஊரில் தங்கினார்கள் என்பதை வேறு விதமாக விளக்க முடியாதா?

எதிர்மாறான ஓர் இடுகாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். பிரான்சின் குர்ஜி என்னும் ஊரில் ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்கால இடுகாட்டில் 94 பேரின் டி.என்.ஏ ஆராயப்பட்டு, 2023இல் ஏழு தலைமுறை வம்சமரம் ஒன்று வரையப்பட்டது. அங்கே பெரும்பாலான ஆண்கள் ஒரே தந்தைவழியில் பிணைந்திருக்க, தாய்வழிகளோ பலவாகச் சிதறியிருந்தன. சிறுமிகளாக இறந்த மகள்கள் இருந்தார்கள், வளர்ந்த மகள்களை ஏறக்குறையக் காணவே இல்லை. பெண் கட்டிக்கொடுக்கப்பட்டு வெளியூர் போனால் இடுகாடு இப்படித்தான் இருக்கும். டார்செட்டில் கண்டது இதன் நேர்த்தலைகீழ். ஆறாயிரம் ஆண்டு ஐரோப்பிய இடுகாடுகளின் தாய்வழிப் பன்மையை டப்ளின் குழு ஒப்பிட்டபோது, பன்மை வெகுவாகக் குறைந்து, ஓரிரு தாய்வழிகளே மேலோங்கி நின்றவை பிரிட்டனின் இரும்புக்கால இடுகாடுகள் என்பது தெரியவந்தது. டார்செட் தனி விதிவிலக்கு அன்று.

அங்கே பெண்களின் ஆட்சி நடந்தது என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. மணமகன் பெண்வீட்டுக்குக் குடிவருவது ஒன்று; சொத்தும் குடிப்பெயரும் தாய்வழியில் இறங்குவது இன்னொன்று; அதிகாரம் பெண் கையில் இருப்பது மூன்றாவது. எலும்பு நேரடியாகக் காட்டுவது முதலாவதை மட்டுமே. இந்த வேறுபாட்டைத் தமிழர்கள் எளிதில் உணர்வார்கள். மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது. மணமானபின், பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து வாழ்வதும் அங்கே வழக்கம். ஆயினும் கோயில் நிர்வாகம் ஆண்கள் கையில்தான் இருந்துவந்திருக்கிறது. மருமக்கத்தாயம் என்னும் கேரளத்துப் பழைய தாய்வழி உரிமைமுறையிலும் தறவாட்டுச் (கூட்டுக்குடும்பச்) சொத்து பெண்வழியில் இறங்க, அதை நிர்வகித்தவர் தாய்மாமனான காரணவர்.

ஆனாலும் டார்செட்டில் பெண்களின் நிலை தாழ்ந்திருக்கவில்லை என்று கருத இடமுண்டு. அப்பகுதிப் பெண்களின் புதைகுழிகளில் செறிவான ஈமப்பொருள்கள் கிடைக்கின்றன. லாங்டன் ஹெரிங் என்னுமிடத்தில் ஓர் இளம்பெண்ணோடு வெண்கலக் கண்ணாடி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பூடிகா, கார்ட்டிமாண்டுவா போன்ற பிரிட்டானிய அரசிகளைப் பற்றி ரோமானியர் எழுதியவற்றை, அயலாரின் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கும் போக்கு நெடுங்காலமாக இருந்துவந்தது. அதை இனி அவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது.

உலகின் வேறு பகுதிகளிலும் இப்படிப்பட்ட சான்றுகள் உண்டா?

உண்டு. துருக்கியின் சாத்தல்ஹூயூக்கில் வீட்டுத் தரைக்கு அடியிலேயே இறந்தோரைப் புதைத்தார்கள். 35 வீடுகளிலிருந்து 131 பேரின் மரபுத்தொகுதிகளைப் படித்து 2025இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்களைப் பிணைத்தது பெரும்பாலும் தாய்வழியே என்று காட்டியது. சீனாவின் சாண்டோங் மாகாணத்தில் ஃபூஜியா என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய இரண்டு இடுகாடுகளில், ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தாய்வழியினர். ஆண்களும் சிறுவர்களும்கூடத் தம் தாயின் குலத்தோடே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஹேசில்டன் கல்லறையில் இன்னும் நுட்பமான ஒன்று தெரிகிறது. ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கல்லறையில் ஆராயப்பட்ட 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறைகள் கொண்ட ஒரே குடும்பத்தினர்; ஒரே ஆணுக்கும் நான்கு பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள். வம்சம் தந்தைவழியில் கணக்கிடப்பட்டாலும், வடக்கு அறையா, தெற்கு அறையா என்பதை முடிவு செய்தது அவர்கள் அந்த நால்வரில் எந்தப் பெண்ணின் வழி வந்தார்கள் என்பதே.

தாய்வழி டி.என்.ஏ தவறான வழியும் காட்டுமா?

தனித்து நின்றால் காட்டும். ஸ்பெயினின் சீமா தே லோஸ் ஊசோஸ் குகையில் கிடைத்த, நான்கு இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எலும்பின் தாய்வழி வரிசையை 2013இல் படித்தபோது அது சைபீரியாவில் வாழ்ந்து அழிந்த டெனிசோவா மனிதர்களுக்கு நெருக்கமாகத் தோன்றியது. 2016இல் உட்கரு டி.என்.ஏ கிடைத்ததும் அவர்கள் நியாண்டர்தால்களின் முன்னோருக்கே நெருக்கமானவர்கள் என்று தெளிவாயிற்று. கணக்கும் அதையே சொல்கிறது: பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 முன்னோர் இடங்கள் இருக்க, தாய்வழி வளையம் அவற்றில் ஒன்றை மட்டுமே அறியும். இன்றைய நல்ல ஆய்வுகள் எல்லாம் தாய்வழி, ஒய் குரோமோசோம், உட்கரு மூன்றையும் சேர்த்தே பேசுகின்றன.

இறந்தோரின் சந்ததியினரிடம் அனுமதி கேட்கிறார்களா?

கேட்காமல் செய்த ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புவெப்லோ பொனீட்டோ என்னும் பெரிய கட்டடத்தின் 33ஆம் அறையில் 14 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். 1896இல் தோண்டி நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த எலும்புகளில், டி.என்.ஏ கிடைத்த ஒன்பது பேருக்கும் ஒரே தாய்வழி என்றும், அந்தத் தாய்வழி ஏறத்தாழ 330 ஆண்டுகள் உயர்நிலையில் நீடித்தது என்றும் 2017இல் வெளியிட்டார்கள். அறிவியல் வகையில் அது அருமையான முடிவு. ஆனால் இன்றும் தாய்வழிக் குலங்களாக வாழும் ஹோப்பி முதலிய பழங்குடி மக்களிடம் முன்கூட்டியே கலந்து பேசவில்லை என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் முற்றிலும் நியாயமானது. யாருடைய பாட்டிமாரின் எலும்பைப் பொடியாக்குகிறோமோ, அவர்களிடம் முதலில் பேசியாக வேண்டும்.

இந்தியாவில் என்ன நிலை?

அரியானாவின் ராகிகரியில், சிந்துவெளி நாகரிகக் காலத்து இடுகாட்டிலிருந்து 61 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. பயன்படும் அளவுக்கு டி.என்.ஏ தந்தது ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு பெண்ணின் எலும்பு. தொல்லியலாளர் வசந்த் ஷிண்டேயும் மற்றவர்களும் 2019இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, அவளுடைய தாய்வழி யூ2பி2. இன்று அது ஏறக்குறைய தெற்காசியாவில் மட்டுமே காணப்படுவது. ஒரு பெண்ணின் தாய்வழி தெற்காசியாவைச் சேர்ந்தது என்பதற்கு மேல் இந்த ஒற்றைப் பெயரிலிருந்து எதையும் பிழிந்தெடுக்கக் கூடாது. அந்த ஆய்வின் பெரிய முடிவுகள் அவளுடைய உட்கரு டி.என்.ஏவிலிருந்து வந்தவை.

அறுபத்தொன்றில் ஒன்று என்ற கணக்குக்கு வெப்பமே காரணம். சூடும் ஈரமும் டி.என்.ஏவை விரைந்து உடைக்கும். இமயமலையின் ரூப்குண்ட் ஏரிக் கரையில், பனிக்குளிரில் கிடந்த எலும்புகளில் 38 பேரின் மரபுத்தொகுதிகள் கிடைத்தன என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழகத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் கிடைக்கும் முதுமக்கள் தாழிகளுக்குள் பல நூற்றாண்டு மழைநீர் இறங்கியிருக்கிறது. பல தாழிகளில் உடல் முழுமையாக இல்லாமல், பின்னர் பொறுக்கிச் சேர்த்த எலும்புகளே இருக்கின்றன. கொந்தகை எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துவருகிறார்கள். அங்குள்ள மண்டையோடுகளைக் கொண்டு 2025இல் வெளியிடப்பட்ட முகங்களைப் பார்த்துவிட்டு, டி.என்.ஏவிலிருந்து முகத்தையே வரைந்துவிட்டார்கள் என்று பலர் பகிர்ந்தார்கள். அவற்றின் அடிப்படை மண்டையோட்டின் அளவுகளே. தாய்வழி வளையத்தில் முகத்தின் வடிவம் எழுதப்பட்டிருக்கவில்லை.

வீடு கட்டவோ கிணறு வெட்டவோ தோண்டும்போது தாழி தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

தோண்டுவதை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தகவல் தெரிவியுங்கள். தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். எலும்பையும் பல்லையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வெயிலில் காயவைப்பதும் எஞ்சியிருக்கும் டி.என்.ஏவை அழித்துவிடும். படம் எடுத்துக்கொண்டு, மேலே ஓலையோ சாக்கோ போட்டு நிழல் செய்து அப்படியே விட்டுவைத்தால், காதருகே உள்ள அந்தச் சிறு எலும்பு சிதையாமல் ஆய்வாளர் கைக்குப் போய்ச்சேரும்.